தேய வேண்டியது தேயட்டும்: பிரஷர் வாஷரின் கதை

வீட்டுக்கு ஒரு பிரஷர் வாஷர் வாங்கணும், பத்து வருஷமாவது உழைக்கணும், எது வாங்கலாம்? இணையத்தில் இதைத் தேடினால் 'டாப் 10' பட்டியல்கள்தான் வந்து விழுகின்றன. எல்லாவற்றிலும் எத்தனை பார், எத்தனை வாட், ஹோஸ் எத்தனை மீட்டர் என்றுதான் இருக்கும். இந்த மிஷின்கள் எங்கே, எதனால் பழுதாகின்றன என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

மென்பொருள் வேலையில் ரொம்ப வருஷம் இருந்தால் ஒரு பழக்கம் வந்துவிடும். ஒரு புரோகிராம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று புரியவில்லை என்றால், அதன் பழைய வெர்ஷன்களைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போவோம். பிரஷர் வாஷரையும் அப்படித்தான் பார்த்தேன். ஜெர்மனியில் ஆரம்பித்து, அங்கிருந்து பின்னால் போய், 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு பட்டறையில் போய் நின்றேன். நடுவில் நம்ம ஊர் அடிபம்பு ஒன்றும் வந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கின்றன. அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் கதை.

பீய்ச்சுவது சுலபம்

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பது புதிய யோசனை இல்லை. 1853-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மாட்டிசன் என்ற தங்க வேட்டைக்காரர், உயரத்திலிருந்து வரும் தண்ணீரைக் கேன்வாஸ் குழாயில் இறக்கி, முனையில் ஒரு நாஸில் மாட்டி, மலைச்சரிவின் மீது அடித்தார். மண் கரைந்து ஓடியது, தங்கம் தங்கியது. அடுத்த முப்பது வருஷத்தில் இந்த முறை மலைகளையே கரைத்தது. கரைந்த மண் ஆறுகளில் நிறைந்து கீழே விவசாய நிலங்கள் மூழ்கின. கடைசியில் 1884-ல் நீதிபதி லொரென்சோ சாயர் அந்தச் சேற்றை ஆற்றில் விடக்கூடாது என்று தடை போட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, மாட்டிசனிடம் பம்ப் கிடையாது. மலை உயரமே அவருக்கு அழுத்தம் கொடுத்தது. நம் வீட்டு மிஷின் தரும் 100 பார் அழுத்தத்தை உயரத்தால் மட்டும் பெற வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியைச் சுமார் 1,000 மீட்டர் மேலே வைக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் நாஸிலை விட்டு வெளியேறும் தண்ணீரின் வேகம், கணக்குப்படி, நொடிக்கு 140 மீட்டர். அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். (அதனால்தான் கையையோ காலையோ இதன் முன் காட்டவே கூடாது. தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.)

ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்க வேண்டும். அதற்குப் பிஸ்டன் பம்ப் வேண்டும். பிஸ்டன் என்றால் நகர வேண்டும், ஆனால் பக்கவாட்டில் தண்ணீர் கசியக்கூடாது. கஷ்டம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பிராமாவின் தோல் கப்

1795-ல் லண்டனில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பூட்டு, கழிவறைக் கோப்பை, பீர் பம்ப் என்று பலதும் செய்தவர். பிரஸ்ஸின் தத்துவம் பாஸ்கல் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். அதை வேலை செய்ய வைப்பதுதான் முடியவில்லை. பெரிய உலக்கை போன்ற ராம் மேலே ஏறும்போது, ராமுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் பீறிட்டது. கசியாதபடி இறுக்கிக் கட்டினால், அழுத்தத்தை எடுத்த பிறகும் ராம் இறங்காமல் அப்படியே பிடித்துக்கொண்டது. தளர்த்தினால் கசிவு, இறுக்கினால் பிடிப்பு.

இதற்குக் கிடைத்த தீர்வு ஒரு தோல் வளையம். குறுக்கே வெட்டிப் பார்த்தால், கவிழ்த்து வைத்த கப் போல, U வடிவில் இருக்கும். அழுத்தமான தண்ணீர் அந்தக் கப்புக்குள் புகுந்து, அதன் உதட்டை விரித்து ராமின் மீது ஒட்ட வைக்கும். அழுத்தம் கூடக் கூட உதடு இன்னும் இறுக்கமாக ஒட்டும். அழுத்தம் போனால் தானே தளர்ந்துவிடும். அதாவது, கசியப் பார்க்கும் தண்ணீரையே கசிவை அடைக்கப் பயன்படுத்துவது!

இது யார் யோசனை? பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயுடையது என்று ஜேம்ஸ் நாஸ்மித் எழுதியிருக்கிறார். நாஸ்மித் பின்னாளில் மாட்ஸ்லேயின் உதவியாளராக இருந்தவர், அதனால் கொஞ்சம் பாசம் கலந்திருக்கலாம். அதே மாட்ஸ்லே, வாரச் சம்பளம் 30 ஷில்லிங் போதவில்லை, கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டு, பிராமா மறுத்ததால் 1797-ல் வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். ஐ.டி. கம்பெனிகளில் நாம் பார்க்காத கதையா?

இந்த அமைப்பில் இரும்பு ராமும் இருக்கிறது, மெத்தென்ற தோலும் இருக்கிறது. இரண்டும் உரசும்போது தேய்வது தோல். விலை குறைந்தது, மாற்ற முடிந்தது. விலையுயர்ந்த ராம் அப்படியே இருக்கும். நீடித்து உழைப்பது என்றால் தேயாமல் இருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே, தேய்வதற்கென்றே ஒரு பாகத்தைத் தனியாக வைத்துவிட்டார்கள்.

கோவையில் ஒரு சோதனை

இந்தத் தோல் கப் நமக்கு அந்நியமானது இல்லை. தெருமுனை அடிபம்பில் 'வாஷர் போயிடுச்சு' என்று சொல்வோமே, அந்த வாஷர் இதே குடும்பம்தான். 1970களில் யுனிசெப் ஆதரவுடன் உருவான 'இந்தியா மார்க் 2' அடிபம்பில் பிஸ்டனைச் சுற்றி இருந்தவை தோல் கப் வாஷர்கள். மார்க் 2 உருவானபோதே அதன் கள சோதனை கோவைப் பக்கம்தான் நடந்தது.

பம்ப் நன்றாகவே இருந்தது. ஆனால் வாஷர் மாற்றுவது பெரிய வேலை. பூமிக்கடியில் இருக்கும் சிலிண்டரை எடுக்க, மேலிருந்து மொத்தக் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்க வேண்டும். அதற்கு ஒரு குழு, ஒரு வண்டி. சில ரூபாய் வாஷருக்காக ஊரே வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் காத்திருக்கும்.

1980களில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து கோவைப் பகுதியில் இந்தப் பம்புகளை வருஷக்கணக்கில் கண்காணித்தன. இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் கப். தோலைவிட நன்றாகவே உழைத்தது. இரண்டாவது, சிலிண்டரின் மேல்பக்கத்தைத் திறந்து வைத்து, குழாயைத் தூக்காமலேயே பிஸ்டனை மட்டும் கம்பியோடு மேலே இழுக்கும்படி செய்தது. இதுதான் பிறகு 'இந்தியா மார்க் 3' ஆனது.

நீடித்து உழைப்பது பற்றி நான் படித்ததிலேயே தெளிவான பாடம் இதுதான். நல்ல வாஷர் என்பது பாதி விடை. அந்த வாஷரை எட்டி எடுக்க முடிகிறதா என்பது மறு பாதி.

ஒரு ரப்பர் வளையம்

இன்றைய பிரஷர் வாஷர் பம்புக்குள் கப் வடிவ சீல்களோடு நிறைய ஓ-ரிங்குகளும் இருக்கும். இதற்குக் காப்புரிமை வாங்கியவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1937-ல் விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72. 1939-ல் கிடைத்தது. ஒரு பள்ளத்தில் ரப்பர் வளையத்தை வைத்தால், அழுத்தம் அதை இடைவெளிப் பக்கம் நெருக்கித் தானே அடைத்துக்கொள்ளும். மாட்ஸ்லேயின் தோல் செய்த அதே வேலை, இன்னும் எளிய வடிவில். இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்குத் தேவை என்று அமெரிக்க அரசு அந்தக் காப்புரிமையை எடுத்து எல்லாருக்கும் திறந்துவிட்டது.

எங்கள் அபார்ட்மென்ட்டில் பொதுவாக வாங்கி வைத்திருந்த ஒரு மிஷின் அழுத்தம் வராமல் நின்றது. சர்வீஸ் சென்டரில், உள்ளே எதையும் தனியாக மாற்ற முடியாது, முழு பம்ப் செட்டையே மாற்ற வேண்டும், புது மிஷின் விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்றார்கள். திரும்ப எடுத்து வந்து கழற்றிப் பார்த்தேன். மூன்று பிஸ்டன் சீல்களில் ஒன்று விறைத்து உதடு கிழிந்திருந்தது, அவ்வளவுதான். அளவெடுத்துக்கொண்டு ரப்பர் சீல் விற்கும் கடைகளில் அலைந்தேன். அந்த அளவு எங்கும் இல்லை. மிஷின் பழைய இரும்புக்குப் போனது. மார்க் 2 பம்பின் கதையேதான், நகரத்து பதிப்பில்.

ஆலையிலிருந்து வீட்டுக்கு

சரி, மிஷினின் கதைக்கு வருவோம். 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிராங்க் ஓஃபெல்ட் நீராவியால் கிரீஸைக் கழுவும் 'ஸ்டீம் ஜென்னி'யை உருவாக்கினார். வண்டிப் பட்டறைகளுக்கான மிஷின். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனிக்கு வந்த அமெரிக்க ராணுவத்திடம் இப்படிப்பட்ட நீராவி மிஷின்கள் இருந்தன. அவற்றைப் பழுதுபார்க்கும் வேலை ஸ்டுட்கார்ட் அருகே வின்னெண்டனில் இருந்த ஆல்ஃபிரட் கார்ச்சரின் நிறுவனத்துக்கு வந்தது. வெப்பச் சாதனங்கள் செய்துகொண்டிருந்தவர் அவர். பழுதுபார்த்துப் பார்த்து, 1950-ல் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயரழுத்தக் கழுவியை, டி.எஸ். 350 என்ற பெயரில், அவரே செய்தார்.

1959-ல் ஆல்ஃபிரட் இறந்தார். மனைவி ஐரீன் கார்ச்சர் பொறுப்பேற்று முப்பது வருஷம் நடத்தினார். 1974-ல் நிறுவனம் உயரழுத்தக் கழுவிகளில் முழுக்கவனம் செலுத்த ஆரம்பித்தது. 1984-ல் எச்.டி. 555 என்ற மாடல் வந்தது. வீட்டு உபயோகத்துக்கென்று வந்த முதல் கையடக்க உயரழுத்தக் கழுவி என்று அதைச் சொல்கிறார்கள். நாற்பது வருஷக் கதைதான்.

ஆலைக்குள் இருந்த மிஷின் வீட்டுக்கு வர, எடையும் விலையும் குறைய வேண்டும். அடுத்து வந்த வருஷங்களில் வீட்டு மாடல்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டன. பித்தளை ஹெட் போய் அலுமினியம் வந்தது, பிறகு பிளாஸ்டிக். எண்ணெயில் ஓடும் கிராங்க்ஷாஃப்ட் போய், சாய்ந்த தட்டு ஒன்று சுற்றிச் சுற்றி பிஸ்டன்களைத் தள்ளும் சின்ன அமைப்பு வந்தது. மெதுவாகச் சுற்றும் கனமான மோட்டார் போய், வேகமாகச் சுற்றும் லேசான மோட்டார் வந்தது. திருகாணி இருந்த இடத்தில் ஒட்டு வந்தது.

நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் பாருங்கள். ஓரமாக ஒரு மோட்டார், பெல்ட், மூன்று பிஸ்டன் பம்ப். பார்க்க அழகே இருக்காது. ஆனால் நாள் முழுக்க ஓடும். காரணம் மந்திரம் இல்லை. பெல்ட் போட்டு வேகத்தைக் குறைத்து, பம்ப் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிஸ்டன் சீலும் ஒரு மணி நேரத்தில் 54,000 தடவை உரசும். மோட்டாரோடு நேராக இணைத்து 2,800 சுற்றில் ஓட்டினால் அதே ஒரு மணி நேரத்தில் 1,68,000 தடவை. சீலின் ஆயுளை மணிக்கணக்கில் பார்ப்பதைவிட இந்த உரசல் கணக்கில் பார்ப்பதுதான் சரி. தவிர, பெல்ட் பம்பில் சீல் போனால் கடைக்காரரே மாற்றிவிடுவார்.

மோட்டாரிலும் அதே கதை

வீட்டு மிஷின்களில் இரண்டு வகை மோட்டார். ஒன்று இண்டக்ஷன் மோட்டார். 1880களின் கடைசியில் டெஸ்லா, ஃபெராரிஸ், டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி ஆகியோர் கையில் உருவானது. சுற்றும் பாகத்துக்கு மின்சாரத்தைத் தொட்டுக் கொடுக்கத் தேவையில்லை, அதனால் தேய பேரிங்கைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. நம்ம 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் உச்ச வேகம் 3,000 சுற்றுக்குக் கொஞ்சம் கீழே. கனம் அதிகம், சத்தம் குறைவு.

இன்னொன்று மிக்ஸியில் இருக்கும் யுனிவர்சல் மோட்டார். 10,000 சுற்றுக்கு மேலேயும் போகும், லேசானது, விலை குறைவு. ஆனால் கார்பன் பிரஷ் வேண்டும். அதற்கும் ஒரு கதை உண்டு. ஆரம்ப காலத்தில் பிரஷ் செம்புக் கம்பியால்தான் செய்தார்கள். அது கம்யூட்டேட்டரைச் சுரண்டித் தின்றது. 1885-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கார்பனைப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். கார்பன் மென்மையானது, அது தேயும், செம்பு பிழைக்கும். மறுபடியும் அதே தோல் வாஷர் தத்துவம்தான்!

அதனால் யுனிவர்சல் மோட்டார் என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு தடவை பைக் கழுவ அது போதும். ஆனால் வெளியிலிருந்தே பிரஷ் மாற்றும்படி இருக்க வேண்டும். உள்ளே மூடி ஒட்டிவிட்டால் கார்பன் தியாகம் செய்து என்ன பிரயோஜனம்?

பெட்டியில் போட்டிருக்கும் எண்கள்

ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் பாதி விளம்பரங்கள் அடங்கிவிடும். அழுத்தத்தை (பார்) தண்ணீர் அளவால் (நிமிடத்துக்கு லிட்டர்) பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி கிலோவாட்டில் வரும். 100 பார், 6 லிட்டர் என்றால் சரியாக 1 கிலோவாட்.

இப்போது ஒரு பெட்டியில் 1,800 வாட், 150 பார், 8 லிட்டர் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 × 8 ÷ 600 = 2 கிலோவாட். உள்ளே போவதே 1.8, வெளியே 2 எப்படி வரும்? வராது. ஒன்று உச்ச அழுத்தம், மற்றொன்று உச்ச நீரளவு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. பல மிஷின்களின் உலோகத் தகட்டில் 'ரேட்டட்' அழுத்தம், 'மேக்ஸ்' அழுத்தம் என்று இரண்டு எண்கள் இருக்கும். ரேட்டட் எண்ணைப் பாருங்கள். காருக்கும் வாசலுக்கும் 100 பார் தாராளம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு பாரும் சீல்களின் மேல்தான் விழும்.

மொட்டைமாடித் தொட்டி என்ற பிரச்சினை

1894-ல் சார்லஸ் பார்சன்ஸ் 'டர்பினியா' என்ற நீராவி டர்பைன் படகைக் கட்டினார். என்ஜின் பிரமாதம், படகுதான் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. புரொப்பெல்லர் மிக வேகமாகச் சுற்றியதால் தண்ணீர் பின்தொடர முடியாமல் குமிழிகள் உண்டாயின. இதற்குக் கேவிடேஷன் என்று பெயர் வந்தது. பின்னர் புரொப்பெல்லர்கள் அரித்துப்போவதற்கும் இதே குமிழிகள்தான் காரணமா என்ற கேள்வி எழுந்தது. அவை உடையும்போது எவ்வளவு பெரிய அழுத்தம் உண்டாகும் என்று 1917-ல் லார்ட் ராலே கணக்குப் போட்டுக் காட்டினார்.

இதே குமிழிகள் நம் வாஷருக்குள்ளும் வரும். ஐரோப்பிய வீட்டில் தெருக்குழாயிலேயே சில பார் அழுத்தம் இருக்கும். மிஷின் அதை நம்பித்தான் பிறந்தது. நம் வீட்டில் மொட்டைமாடித் தொட்டி. ஒரு மாடி உயரத்துக்கு 0.3 பார்தான். அதையும் மெல்லிய, நீளமான குழாய் வழியாக விட்டால், பம்ப் கேட்கும் தண்ணீர் போய்ச் சேராது. மிஷின் கடகடவென்று சத்தம் போட்டால் அது தண்ணீருக்குத் தவிக்கிறது என்று பொருள்.

கூடவே போர் தண்ணீரின் உப்பும் மணலும் சீல் உதட்டில் உட்கார்ந்து அரிக்கும். மே மாதத்து மதியம் கறுப்புத் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். பல வீட்டு மாடல்களின் கையேட்டில் 40 டிகிரிக்கு மேல் தண்ணீர் விடாதீர்கள் என்று போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

பிராண்டு பெயர் சொல்லப் போவதில்லை. மாடல்கள் வருஷா வருஷம் மாறும், கேள்விகள் மாறாது.

1. பிஸ்டன் சீல் செட் தனியாகக் கிடைக்குமா? பார்ட் நம்பர், விலையோடு காட்டச் சொல்லுங்கள். 'பம்ப் முழுசா மாத்தணும்' என்று பதில் வந்தால் அடுத்த கடை.

2. பம்ப் ஹெட் திருகாணியில் கழல்கிறதா? பித்தளை நல்லது, அலுமினியம் பரவாயில்லை. மெல்லிய பிளாஸ்டிக் என்றால் யோசியுங்கள்.

3. வாரம் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்துவீர்கள் என்றால் இண்டக்ஷன் மோட்டார். கனமாக இருக்கும், அதற்காகச் சலித்துக்கொள்ளக் கூடாது. எப்போதாவது என்றால், பிரஷ் வெளியிலிருந்து மாற்றக்கூடிய யுனிவர்சல் மோட்டார் போதும்.

4. தொட்டியிலிருந்தோ வாளியிலிருந்தோ தானாக இழுக்கும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறதா?

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவையும் சில உண்டு. உள்வரும் பக்கம் ஃபில்டர் கட்டாயம். குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். மதியம் வேண்டாம், காலையில் கழுவுங்கள். வேலை முடிந்ததும் மிஷினை அணைத்து, குழாயை மூடி, ட்ரிக்கரை ஒரு தடவை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். சீல் உதடு தளர்ந்து ஓய்வெடுக்கும். பிராமாவின் பட்டறையில் தோல் கப் செய்ததும் இதுதான்.

இருநூறு வருஷத்துக் கதை சொல்லும் ஒரே விஷயம் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அது இதுதான்: தேயாத மிஷின் கிடையாது. எது தேய வேண்டும் என்று யோசித்து, அதை மலிவாகவும் கைக்கு எட்டும்படியும் வைத்த மிஷின் உண்டு. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கும் அன்றே ஒரு சீல் செட்டும் கூடவே வாங்கி, பில்லோடு சேர்த்து அலமாரியில் போட்டு வையுங்கள்.